வரம்பை வெட்டிய இரவும் நாலு எல்ஈடி விளக்கும்

2022 சிறுபோகத்தில், இலங்கை முழுக்க டீசல் தட்டுப்பாடாக இருந்தபோது, மட்டக்களப்பில் எங்கள் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) பகலில் உழுத மெஷின்களை விரல் விட்டு எண்ணலாம். மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பகலில் டீசல் வரிசையில் நின்றோம். பின்னேரம் 20 லீட்டர் கிடைத்தால் அது நல்ல நாள். உன்னிச்சைக் குளத்தை எப்போது திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைத்து முடிப்பது என்பதெல்லாம் போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்திலேயே முடிவாகிவிடும். டீசல் வரவில்லை என்று வாய்க்கால் நமக்காகக் காத்திருக்காது. அதனால் வரிசையிலிருந்து வீட்டுக்கு வந்து, ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டு, வவுணதீவிலிருந்து ஆயித்தியமலைப் பக்கம் இருட்டுக்குள் மெஷினை ஓட்டிக்கொண்டு போவதே வழக்கமாகிவிட்டது.

வெளியூர்க்காரருக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கம் ட்ராக்டரை மெஷின் என்றுதான் சொல்வோம். என்னுடையது ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த சின்ன மெஷின். 24 குதிரை வலு, நாலு சில்லும் இழுக்கும், பின்னால் ரொட்டவேட்டர், அதாவது சுழலும் உழவுக் கத்திகள். சேற்று வயலுக்கு இதைவிட வாகானது இல்லை. ஆனால் இரவு வேலையை நினைத்துச் செய்த சாமான் இல்லை. முன்னால் 35 வாட்ஸ் ஹலஜன் பல்ப் இரண்டு. அதில் ஒன்றின் உள் கண்ணாடி கறுத்துப்போய், மெழுகுதிரி அளவுக்குத்தான் எரிந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை.

இரண்டாம் இரவு, 11 மணி இருக்கும். வயலின் கடைசி மூலையில் திருப்பினேன். முன்னால் தெரிந்த மேட்டைச் சேற்றுக் கட்டி என்று நினைத்துவிட்டேன். முன்சில்லு ஏறி இறங்கிய பிறகுதான் அது வரம்பு என்று விளங்கியது. ரொட்டவேட்டரைத் தூக்குவதற்குள் நாலு அடி வரம்பு கூழாகிவிட்டது. பலகை அடிப்பதற்காக (சேற்றை மட்டப்படுத்துவதற்காக) என் வயலில் தண்ணீர் கட்டி வைத்திருந்தேன். கீழ் வயல் மாமாவுடையது. இரண்டு நாளைக்கு முன்தான் முளை நெல் வீசி, தண்ணீரை வடித்துவிட்டு வைத்திருந்தார். என் வயலின் சேற்றுத் தண்ணீர் முழுதும் அதற்குள் இறங்கியது. மண்வெட்டியோடு குதித்து, இடுப்பளவு சேற்றில் நின்று அணைத்து முடிப்பதற்குள் அவருடைய வயலில் கால்வாசி போய்விட்டது.

காலையில் மாமா வந்து பார்த்தார். ஏசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மருமகன், மெஷினுக்குக் கண் தெரியல்ல எண்டா வீட்டில கட்டி வைக்க வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அரை மூடை விதைநெல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

கடையில் வேலை விளக்கு வாங்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டுத்தான் பார்த்தேன். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நேரம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய சாமான்களுக்கும் கிராக்கி. கடைக்காரர் சொன்ன விலைக்கு இரண்டு ஏக்கர் உழவுக் கூலி போய்விடும். அதே கடையில் ஒரு வாட்ஸ் எல்ஈடி மணிகள், நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் ஒட்டியவை, தேநீர் விலைக்குக் கிடந்தன. பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதி கொஞ்சம் ஞாபகம் இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் என்னை மாட்டிவிட்டது.

என் கணக்கு இதுதான். வெள்ளை எல்ஈடி ஒன்று எரிய ஏறக்குறைய 3.2 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடராகக் கோர்த்தால் 9.6. பற்றரி 12. மிச்சம் 2.4 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டரில் (மின்தடையில்) விட வேண்டும். எல்ஈடிக்கு 0.35 அம்பியர் போதும். 2.4ஐ 0.35ஆல் பிரித்தால் ஏறத்தாழ 6.8 ஓம்ஸ். அதே அளவில் ஒரு வாட்ஸ் ரெசிஸ்டர் வாங்கி, பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் எல்லாவற்றையும் ஒட்டினேன். வீட்டு மேசையில் பற்றரியை வைத்துக் கொழுவியபோது அருமையாக எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மனைவி மட்டும், "என்ட சாப்பாட்டுப் பெட்டிய எப்ப தருவீங்க?" என்று கேட்டாள்.

வயலில் அது இரண்டு மணித்தியாலம் தாங்கியது. முதலில் வெளிச்சம் நீலமாக மாறியது. அப்புறம் ஒரு வாசம், பிளாஸ்டிக்கும் புகையும் கலந்தது. இறங்கிப் பார்த்தால் ரெசிஸ்டர் தேங்காய்ச் சிரட்டைக் கரிபோல இருந்தது. பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை. சாப்பாட்டுப் பெட்டி திரும்பிப் போகவே இல்லை.

காத்தான்குடியில் வாகன வயரிங் செய்யும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, எத்தின வோல்ட்டுக்குக் கணக்குப் பாத்தீங்க?"

"பன்னண்டு, காக்கா."

"மெஷின ஸ்டார்ட் பண்ணிப் போட்டு மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். நிறுத்தி வைத்திருக்கையில் 12.5. ஸ்டார்ட் செய்து வேலை வேகத்துக்கு ஏற்றினால் 14.2. இப்போது அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். 14.2இலிருந்து 9.6ஐக் கழித்தால் 4.6. அதை 6.8ஆல் பிரித்தால் 0.68 அம்பியர். எல்ஈடிக்குள் ஏறக்குறைய இரட்டிப்பு மின்சாரம் ஓடியிருக்கிறது. ரெசிஸ்டர் 3 வாட்ஸ் சூட்டைச் சுமந்திருக்கிறது, வாங்கியதோ ஒரு வாட்ஸ். எரியாமல் என்ன செய்யும்? பற்றரி வோல்ட் கொஞ்சம் ஏறினாலும் எல்ஈடிக்குள் ஓடும் மின்சாரம் கனக்க ஏறிவிடும். பழைய பல்ப் அப்படி இல்லை. சூடாகும்போது அதன் கம்பியே மின்சாரத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும். ரெசிஸ்டரால்தான் செய்வேன் என்று நிற்பவர்கள் 14.4 வோல்ட்டுக்குக் கணக்குப் பார்த்து, 15 ஓம்ஸ், 5 வாட்ஸ் ரெசிஸ்டராகப் போடுங்கள். மெஷின் நிற்கும்போது வெளிச்சம் பாதியாகும், ஆனால் ஒன்றும் கருகாது.

காக்கா எனக்குக் காட்டிய வழி வேறு: டிரைவர் என்று விற்கும் சின்னச் சர்க்கியூட். பற்றரி 12இல் நின்றாலும் 14இல் நின்றாலும் எல்ஈடிக்கு ஒரே அளவு மின்சாரத்தை அளந்து கொடுக்கும். வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்க்காமல், எத்தனை மில்லி அம்பியர் என்பதைப் பாருங்கள். நான் 3 வாட்ஸ் எல்ஈடி மூன்றைத் தொடராகக் கோர்த்து, 600 மில்லி அம்பியர் டிரைவர் போட்டேன். 700 வரை தாங்கும் எல்ஈடிக்கு 600 கொடுத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆயுசு கூடும். ஒரு விளக்குக்கு ஒரு டிரைவர். ஒன்று போனால் மற்றவை எரியும்.

அடுத்தது சூடு. எல்ஈடி சூடாகாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. முன்பக்கம் கையை வைத்தால் சுடாது, உண்மைதான். சூடு முழுதும் முதுகுப் பக்கமாக இறங்கும். அதற்கு வழி விடாவிட்டால் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கும், பிறகு செத்துப்போகும். சூட்டை இழுத்து வெளிவிடும் உலோகத் துண்டை ஹீட்சிங்க் என்று கடையில் தேட வேண்டியதில்லை. அலுமினிய ஜன்னல், கதவு பொருத்தும் கடைக்குப் போனால் வெட்டிப்போட்ட துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். தடித்த சதுரக் குழாயில் ஒவ்வொன்றும் ஐந்து அங்குலமாக நாலு துண்டு கேட்டேன். காசு வாங்கவில்லை. ஒரு பக்கத்தை அரத்தால் மட்டமாகத் தேய்த்து, வெப்பப் பசை மெல்லிசாகப் பூசி, எல்ஈடித் தகட்டைத் திருகாணியால் இறுக்கினேன். டிரைவர் அதே குழாய்க்குள். பசையை அப்பக்கூடாது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உள்ள காற்றை நிரப்பத்தான் பசை, அதிகமானால் அதுவே தடையாகிவிடும். அரை மணித்தியாலம் எரிந்த பிறகு முதுகுப் பக்கம் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் சரி. சுரீர் என்று கையை எடுத்தால் இன்னும் பெரிய துண்டு வேண்டும்.

முகப்புக்கு, உடைந்த ஜன்னல் கண்ணாடியை வெட்டி, சிலிக்கனால் ஒட்டினேன். இங்கேயும் ஒரு பிழை விட்டேன். மலிவான சிலிக்கனில் வினாகிரி வாசம் வரும். அது காயும்போது வெளிவிடும் அமிலம் ஈயப் பற்றையும் செம்பையும் பச்சை பிடிக்க வைக்கும். மூடிய விளக்குக்குள் அந்த ஆவி போக வழியில்லை. முதல் இரண்டு விளக்கிலும் மூன்று மாதத்துக்குள் வயர் பற்று பச்சைப் பொடியாகக் கழன்றது. வாசமில்லாத வகை சிலிக்கன் கொஞ்சம் விலை, அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒட்டிய கண்ணாடியை இரண்டு நாள் வெளியில் காயவிட்டு, அப்புறம் எல்ஈடியை உள்ளே பூட்டுங்கள்.

தண்ணீர் உள்ளே போகவே கூடாது என்று சுற்றிவர அடைத்ததும் ஒரு வினை. சூடான விளக்கின்மேல் மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். எங்கேயோ ஒரு மயிர் இடைவெளியில் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. காலையில் கண்ணாடிக்குள் பனி பிடித்தமாதிரி நிற்கும். இப்போது ஒவ்வொரு விளக்கின் அடியிலும் இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, கீழ்நோக்கி. மார்கழி மழையிலும் உள்ளே ஈரம் தங்குவதில்லை.

இனி வயர். இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள், மெஷின் எரிந்து போகாமல் தப்பியது அருந்தப்பில்.

வீடு வயரிங் செய்தபோது மிஞ்சிய 1/1.13 வயர் ஒரு சுருள் கிடந்தது. 230 வோல்ட் தாங்குகிற வயர் 12 வோல்ட்டைத் தாங்காதா என்று அதையே இழுத்தேன். அதற்குள் ஒரே ஒரு தடித்த செம்புக் கம்பிதான். சுவருக்குள் அசையாமல் கிடக்க அது நல்லது. மெஷின் நாள் முழுக்க அதிரும். கம்பியை இரண்டு பக்கமும் மடித்து மடித்து ஒடிப்போமே, அந்த வேலையை அதிர்வு தானாகச் செய்யும். ஒரு வயர் அப்படித்தான் ஒடிந்தது, அதனால் விளக்கு அணைந்ததோடு சரி. மற்றது மட்கார்டின் தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் கழன்று, ஒரு இரவு மெஷினின் இரும்பு உடம்பில் தொட்டுவிட்டது. நான் பியூஸ் போட்டிருக்கவில்லை.

ஆசனத்துக்குக் கீழே புகை. எட்டிப் பார்த்தால் வயரின் தோல் உருகி வழிய, உள்ளே கம்பி சிவப்பாகத் தெரிந்தது. டீசல் குழாய் ஒரு முழம் தள்ளி. பற்றரித் தலையில் பூட்டியிருந்த வயரைக் கையால் பிடுங்கினேன். நல்லகாலம், அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இரண்டு விரலில் கொப்புளம். 12 வோல்ட் ஆளைப் பிடிக்காது என்பது சரி, ஆனால் ஸ்டார்ட்டரைச் சுற்ற நூறு அம்பியருக்கு மேல் தள்ளுகிற பற்றரிக்கு ஒரு மெல்லிய வயரை அடுப்புக் கம்பியாக்குவது பெரிய வேலையா?

அடுத்த நாளே எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக இழுத்தேன். பல நூல் கம்பியுள்ள வாகன வயர், 1.5 சதுர மில்லிமீட்டர். பற்றரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், 5 அம்பியர். பியூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் வயர் உரசினால் அந்தப் பியூஸ் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பியூஸ் காப்பது வயரை, விளக்கை அல்ல. உலோகத்தைக் கடக்கும் இடமெல்லாம் மருந்தடிக்கும் ஹோஸில் வெட்டிய துண்டு, மேலே பழைய சைக்கிள் டியூப் சுற்று. என்ஜின் சூடு படும் பக்கம் போகவே இல்லை.

எர்த் வயரை அருகிலுள்ள நட்டில் மாட்டுவதுதான் எல்லோரும் செய்வது. பெயின்டும் துருவும் நடுவில் நின்றால் விளக்கு மினுங்கும், நாம் எல்ஈடியைச் சந்தேகிப்போம். நான் நாலு விளக்கின் மைனஸையும் ஒரே வயரில் சேர்த்துப் பற்றரி மைனஸுக்கே கொண்டுபோய்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் மினுங்கவில்லை.

சுவிட்சை நேரே பற்றரியோடு கொழுவியிருந்ததால் இன்னொரு கூத்து. ஒரு நாள் விடியப்புறம் வாடியில் (வயல் குடிசையில்) படுத்துவிட்டேன், விளக்கை நிறுத்தவில்லை. நாலு விளக்கும் சேர்ந்து ஏறக்குறைய 2.3 அம்பியர்தான். ஆனால் பத்து மணித்தியாலம் எரிந்தால் 23 அம்பியர் மணி. என் கிழட்டுப் பற்றரிக்கு அது கனக்க. பின்னேரம் சாவியைத் திருப்பினால் டிக், டிக். இப்போது ஒரு ரிலே இருக்கிறது, சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். 30 என்று போட்ட காலுக்குப் பியூஸிலிருந்து வரும் வயர், 87க்கு விளக்குகள், 86க்குச் சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம் சுவிட்ச் வழியாக, 85 எர்த். சாவியை எடுத்தால் விளக்கும் போகும். இந்த அளவு மின்சாரத்தைச் சுவிட்சே தாங்கும், ரிலே தேவையே இல்லை என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் பழைய மெஷினின் சாவி வயர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? அவற்றின் தலையில் புதுப் பாரம் ஏற்ற எனக்கு மனமில்லை.

டைனமோவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன மெஷினின் டைனமோ சின்னது. என்னுடையதின் தகட்டில் 15 அம்பியர் என்று எழுதியிருக்கிறது, அதுவும் முழு வேகத்தில்தான். ஹலஜன் இரண்டும் 5 அம்பியர் தின்னும். மிச்சத்தில் பற்றரியும் சார்ஜ் ஆக வேண்டும். லொறிக்காரர்கள் போடும் 100 வாட்ஸ் விளக்கு நாலை இதில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் அந்தத் தகட்டை வாசியுங்கள்.

இத்தனையும் விளக்கு எரிவதற்கான பாடு. எரிந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு வரம்பு இன்னும் தெரியவில்லை என்று.

முதலில் நான் முன் விளக்கு இரண்டையும் ஆசனத்துக்குப் பின்னால் உள்ள பாதுகாப்பு வளைவின் உச்சியில் பூட்டினேன். உயரத்திலிருந்து அடித்தால் தூரம் தெரியும் என்ற நினைப்பு. தூரம் தெரிந்தது. ஆனால் வயல் முழுதும் வெள்ளைச் சீலை விரித்தமாதிரி ஒரே மட்டமாகத் தெரிந்தது. கட்டியும் இல்லை, பள்ளமும் இல்லை, வரம்பும் இல்லை. பொனட்டில் பட்ட வெளிச்சம் கண்ணில் குத்தியது. புரட்டாதியில் புழுதி விதைப்புக்கு உழுதபோது இன்னும் மோசம், எழுந்த புழுதி வெள்ளைச் சுவர் மாதிரி முன்னால் நின்றது.

அப்போதுதான் பெத்தப்பா (தாத்தா) ஞாபகம் வந்தார். இரவில் தண்ணீர் கட்டப் போகும்போது லாந்தரை முழங்காலுக்குக் கீழேதான் பிடிப்பார். சின்னப் பிள்ளையாக நான் அதைத் தூக்கிப் பிடித்தால், "கீழ புடி மனே, வரம்பு படுத்திரும்" என்பார். வரம்பு எப்படிப் படுக்கும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. ஐம்பது வயதில், மெஷினில் இருந்துகொண்டு விளங்கியது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால், மேட்டின் நிழல் மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். நமக்குத் தெரியாது. நிழல் தெரியாவிட்டால் மேடும் தெரியாது. வெளிச்சம் தாழ இருந்து வந்தால் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு நீள நிழல் விழும், வரம்பு எழும்பி நிற்கும்.

விளக்குகளைக் கழற்றி, பொனட்டின் இரு பக்கமும், நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில், சின்ன இரும்புக் கைகளில் பூட்டினேன். கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, முன்னால் பத்தடியிலிருந்து நாற்பதடி வரை படுகிறமாதிரி. பத்தடிக்கு ஒன்று, நாற்பதடிக்கு ஒன்று என்று கம்பு நட்டு, ஆசனத்தில் இருந்து பார்த்துத்தான் நட்டை இறுக்கினேன். தண்ணீர் நிற்கும் வயலில் இதன் பலன் இன்னும் நன்றாகத் தெரியும். தாழ வரும் வெளிச்சத்தைத் தண்ணீர் முன்னுக்குத் தள்ளிவிடும், அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். அதற்குமேல் தலை நீட்டும் மண் மட்டும் பளிச்சென்று நிற்கும். எங்கே மேடு, எங்கே இன்னும் பலகை அடிக்க வேண்டும் என்பதை இப்போது பகலைவிட இரவில் எனக்கு லேசாகச் சொல்ல முடிகிறது. இதை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தாழ வைத்தால் சேறு அடிக்கும், அது ஒன்றுதான் குறை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இறங்கித் துடைக்க வேண்டும். எனக்கும் இடுப்பு நிமிர ஒரு சாட்டு.

பின் விளக்கு இரண்டும் மட்கார்டின் உட்புறம், ரொட்டவேட்டரின் இரண்டு ஓரத்தையும் பார்த்தபடி. உழுத ஓரமும் உழாத ஓரமும் பிரியும் கோடு தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். கத்தியில் வைக்கோல் சுற்றுவதும் உடனே தெரிகிறது. அதை எடுக்க இறங்க முதல் என்ஜினை நிறுத்துங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் சுற்றும் கத்திக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். பாதுகாப்பு வளைவில் விளக்கைப் பூட்டுவதானால் ட்ரில் போடாதீர்கள், வெல்டிங்கும் வேண்டாம். மெஷின் கவிழ்ந்தால் உயிரைக் காப்பது அந்த இரும்புதான். சைலன்சர் கிளாம்ப் நல்லாகப் பிடிக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் போட்டவை நீலம் கலந்த வெள்ளை. மழை விட்ட முன்னிரவில் ஈசல் கிளம்பும்போது அந்த வெளிச்சத்துக்கு ஊர்ப்பட்ட பூச்சி வந்துவிடும். வாயைத் திறக்க முடியாது. இரண்டாம்முறை மஞ்சள் சாயலுள்ளதை வாங்கினேன். பூச்சி வராமலில்லை, ஆனால் குறைவு. கண்ணும் களைக்கவில்லை. மலிவு டிரைவரால் ரேடியோ இரைவதுதான் மிச்சம், அதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை. இரவில் பாட்டில்லாமலே உழுகிறேன்.

றோட்டில் பின் விளக்குகளை எரியவிடக் கூடாது. இதையும் பட்டுத்தான் படித்தேன். ஒரு விடியற்காலை வலையிறவுப் பாலத்தால் டவுனுக்குப் போகையில் நாலும் எரிந்தபடி போய்விட்டேன். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரப் பொடியன், வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எதிரே வாகனம் வருகிறது என்று ஒதுங்கி, பாலத்துக் கரையோடு போய் நின்றான். விழவில்லை, நல்லவேளை. அவன் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. இப்போது பின் விளக்குக்குத் தனிச் சுவிட்ச், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு எல்ஈடி மணி, எரிந்தால் தெரிய. பின்னால் றோட்டுக்கு வேண்டியது சிவப்பு விளக்கும் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஒட்டும் சிவப்பு ரிப்ளெக்டரும்தான்.

நாலு விளக்கும் ஒழுங்கான பிறகு, இன்னும் நாலு போட்டால் என்ன என்ற ஆசை வந்தது உண்மை. அந்த ஆசை ஒரு இரவோடு போயிற்று. வட்டையின் காட்டுப் பக்கத்தில் உழுதுகொண்டிருந்தேன். யானைக் காவல் பரணில் இருந்தவர்கள் டோர்ச்சை ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் விளக்கு அடித்த இடமெல்லாம் பட்டப்பகல், அதற்கு வெளியே மை இருட்டு. விளக்கை நிறுத்திக் கண் பழகக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு பார்த்தால் இடது பக்க வாய்க்கால் கட்டில் யானை, ஐம்பது யார் தூரம்கூட இருக்காது. அது எவ்வளவு நேரமாக அங்கே நின்றதோ. பரணிலிருந்து வெடி போட்ட பிறகுதான் மெல்லத் திரும்பியது. வெளிச்சம் கூடக்கூட அதற்கு வெளியே உள்ள இருட்டும் கூடும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. யானைப் பக்கம் வேலை செய்பவர்கள் அடிக்கடி விளக்கை நிறுத்தி, மெஷினையும் நிறுத்தி, சுற்றிவரப் பார்த்துக் காது கொடுங்கள். டீசல் மிச்சம் பார்க்கிற இடம் அதுவல்ல.

மூன்றாவது வருடமும் அதே நாலு விளக்குத்தான் எரிகிறது. ஒரு டிரைவர் மட்டும் மாற்றினேன், முன் இடது கண்ணாடியில் கல் பட்டு ஒரு கீறல். போன பெரும்போகத்தில் மாமா வந்து, தன்னுடைய லேண்ட்மாஸ்டருக்கும் (கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு மெஷின்) இப்படி ஒன்று செய்து தரச் சொன்னார். அவருடையதில் பற்றரி இல்லை, என்ஜின் வேகத்தோடு வோல்ட் ஏறி இறங்கும். அதற்கு மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் ரெக்டிபயரும் வேறு கணக்கும் வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

"விளக்கு பொறகு செய்யலாம், மருமகன்" என்றார். "முதல்ல அந்த நாலடி வரம்ப ஒழுங்காக் கட்டித் தாங்க. ஒவ்வொரு மழைக்கும் அதாலதான் உடைக்குது."